ஜன்னலோரத்துக்கு ஓர் ஆட்டம்

அரக்கோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் காலை ரயிலில் திங்கட்கிழமைதோறும் போக்கர் சீட்டாட்டம் ஆடுவோம். பந்தயம், வறுத்த வேர்க்கடலை. ஜெயிப்பவருக்கு அந்த வாரம் முழுக்க ஜன்னலோர இருக்கை. ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த தணிகாசலம் முன்பு கப்பலில் சமையல்காரர். மூன்று மாதமாக ஜன்னல் அவரிடம்தான். நடுவில் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். அதை அவர் சொன்னதில்லை; எங்களுக்குத் தெரியும்.

வழக்கமாக ஆறு பேர். அன்று பண்டிகை விடுமுறையில் பாதிப் பேர் வரவில்லை. வந்தது தணிகாசலம், நான், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் சகாயமேரி.

"ஆள் நிறைய இருந்தா பொறுமை வேணும்," என்றார் தணிகாசலம், சீட்டைக் கலைத்துக்கொண்டே. "எவன்கிட்டயாவது நல்ல சீட்டு இருந்தே தீரும். கப்பல்ல ஒன்பது பேர். சிங்கப்பூர்ல ராணி ஜோடி வந்துச்சு, வேணாம்னு சீட்டைக் கவுத்துட்டு விலகிட்டேன். சூயஸ் வரைக்கும் கவுத்துக்கிட்டே வந்தேன். உட்கார்ந்திருந்த நாற்காலி வேர் விட்டுடுச்சு."

"நாற்காலியா?" என்றேன்.

"பர்மா தேக்கு சார். துளிர்கூட விட்டுச்சு. கேப்டன் மத்தியானம் அந்த நிழல்லதான் தூங்குவாரு."

சகாயமேரி ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பந்தயக் கடலைம்மா அது."

"என்னோடதுதானேண்ணா. ஆள் குறைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"அப்படியே தலைகீழ். கட்டாயமா முதல் கடலை வைக்கிற முறை சட்டுசட்டுனு நம்மகிட்டயே திரும்பி வரும். காத்திருந்தா காலி. குப்பைச் சீட்டானாலும் பந்தயத்தை ஏத்தணும். ஒரு புயல்ல எல்லாரும் வாந்தி எடுத்துப் படுத்துட்டாங்க. நானும் இஞ்சினியரும்தான். கையில ரெண்டும் ஏழும். ஏத்தினேன் பாருங்க, புயலே அடங்கிடுச்சு."

"புயலும் ஆடிச்சா?" என்றேன்.

"மூணாவது கை அதுதானே. கவுத்துட்டுக் கிளம்பிடுச்சு. அப்புறம் இஞ்சினியரும் படுத்துட்டாரு. கண்ணாடியை எதிர்ல வெச்சு ஆடினேன். கையில ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் வெச்சேன். கண்ணாடியில இருந்தவன் பயந்துபோய் எழுந்து போயிட்டான். அவன் திரும்பி வர்ற வரைக்கும் முகம் பார்க்காமத்தான் ஷேவிங்."

திருவள்ளூர் தாண்டியதும் நான் சீட்டைக் கவிழ்த்துவிட்டேன். தணிகாசலம் தன் கடலை முழுவதையும் நடுவில் தள்ளிவிட்டு வெளியே வேடிக்கை பார்த்தார். சகாயமேரியிடம் இருந்தது வெறும் ஒரே ஜோடி, இரண்டு நாலு. தன் கடலை எல்லாவற்றையும் அவரும் தள்ளினார்.

"ஆறு பேர் இருந்து நீங்க இப்படி வெச்சிருந்தா பயந்திருப்பேண்ணா. இன்னைக்கு மூணு பேர்தானே. காட்டுங்க."

தணிகாசலம் காட்டினார். ரெண்டும் ஏழும். எதனோடும் சேரவில்லை.

ஆனால் ஜன்னலோரத்தை விட்டு அசையவில்லை.

"மூணு மாசமா உட்கார்ந்த இடம்," என்றார். "வேர் விட்டிருக்கும்மா. சட்டுனு எழுந்திருக்க முடியாது."

"இது தேக்கு இல்லண்ணா, ரெக்சின். எழுந்திருங்க," என்றார் சகாயமேரி, பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டியபடி.