கப்பலில் முதல் பந்தி

கீழச்செவக்காட்டில் பம்புசெட் விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான். அதற்கு முதலாளிகள் நாலு பேர். ஒருத்தரே நடத்தக்கூடிய கடைதான். ஆனால் ஆரம்பத்திலேயே நாலு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டதால் நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

மூத்தவர் சீனிராஜ். குருசாமி ஒயரிங் தெரிந்தவர். எத்திராஜ் எதையும் இரண்டு முறை கேட்காமல் நம்பமாட்டார், இரண்டாம் முறை கட்டாயம் நம்பிவிடுவார். பொன்னுத்துரை யூனியன் ஆபீஸில் பதினோரு வருஷம் தற்காலிக எழுத்தராக இருந்தவர். அதனால் ஆங்கிலம் முழுக்க அவர் பொறுப்பு.

அந்த வருஷம் நீரரசன் மோட்டார் கம்பெனி தன் டீலர்கள் இருநூறு பேரைச் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலில் ஏற்றியது. முதல் நாள் இரவு விருந்தில், மாவட்ட ஏஜென்சி யாருக்கு என்று எம்.டி. விஸ்வேஸ்வரன் தன் வாயாலேயே அறிவிப்பார் என்று கடிதம் வந்திருந்தது. சீனிராஜுக்கு மூன்று மாதமாக அதே நினைப்பு. பெயர்ப்பலகைக்கு இடம் விட்டுக் கடைக்கு வெள்ளைகூட அடித்தாயிற்று.

கப்பல் கிளம்பிச் சற்று நேரத்தில் அறைக் கதவுக்கு அடியில் ஒரு தாள் வந்து விழுந்தது. பொன்னுத்துரை கண்ணாடி போட்டுக்கொண்டு அதை உரக்க வாசித்தார்.

"இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு டிரஸ் கோடு உண்டாம். இல்லாதவங்களை உள்ளே விடமாட்டாங்களாம்."

நால்வரும் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். நாலு வெள்ளைச் சட்டை, நாலு வெள்ளை வேட்டி. எதிலும் ஒரு கோடுகூட இல்லை.

"கோடு இருக்கணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு கோடு போட்ட சட்டை தைச்சிருப்போம்," என்றார் சீனிராஜ். மாவட்ட ஏஜென்சி ஒரு கோட்டினால் போகப்போகிறது.

குருசாமி மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, கோடு இல்லாம இல்ல. உள்ளே இருக்கு."

எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். உண்மைதான். நாலு பேரும் பட்டாபட்டி அண்டர்வேர்தான் போட்டிருந்தார்கள். பச்சைக் கோடு, நீலக் கோடு, முழங்கால் வரைக்கும் கோடு.

"ஆனா வேட்டி கட்டினா கோடு தெரியாதே?" என்றார் எத்திராஜ்.

"அப்போ வேட்டி கட்டக்கூடாது," என்றார் பொன்னுத்துரை. யூனியன் ஆபீஸில் கோப்பு முடிக்கிற குரல் அது.

அடுத்த வரியில் 'ஸ்மார்ட் கேஷுவல்' என்றிருந்தது. அது பொன்னுத்துரைக்குக் கைவந்த விஷயம். "கேஷுவல்னா கேஷுவல் லீவ். லீவ் லெட்டர் கொடுக்கணும். ஸ்மார்ட்டுன்னா கையெழுத்து மணிமணியா இருக்கணும்." அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: 'அனுப்புநர் நால்வர். பெறுநர் உயர்திரு கேப்டன் அவர்கள். ஐயா, மேற்படி நபர்களாகிய நாங்கள் இன்று இரவு சாப்பிட வேண்டியிருப்பதால் ஒருநாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

மூன்றாவது வரி, 'ஜாக்கெட் அணிவது நல்லது.'

"ஜாக்கெட்டு பொம்பளைங்க போடுறதுல்லா?" என்றார் எத்திராஜ். இரண்டாம் முறையும் கேட்டார். பிறகு நம்பிவிட்டு, தன் அளவை நினைத்துக் கவலைப்பட ஆரம்பித்தார்.

அதற்குள் குருசாமி அலமாரியைத் திறந்திருந்தார். உள்ளே நாலு ஜாக்கெட், பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில், தடித்தடியாக. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விளக்கு, ஒரு விசில். 'லைஃப் ஜாக்கெட்' என்று எழுதியிருந்தது.

"ஆயுசுக்கும் உழைக்கும்னு போட்டிருக்கான். நல்ல சரக்கு," என்று தடவிப் பார்த்தார் குருசாமி. "லைட்டு எதுக்குத் தெரியுமா? இலையில என்ன விழுதுன்னு பார்க்க. விசில், ரசம் கேட்க. பெரிய ஹாலு, கூப்பிட்டாக் கேட்குமா?"

சீனிராஜுக்குக் கம்பெனியின் மேல் மதிப்புக் கூடியது.

எங்கே சாப்பிடுவது என்பதில் அதிக நேரம் ஆகவில்லை. அஞ்சாவது தளத்தில் டைனிங் ஹால், பதினொன்றாவது தளத்தில் பஃபே. பஃபேயைப் பற்றி, 'உங்களுக்கு நீங்களே உதவிக்கொள்ளுங்கள்' என்றிருந்தது.

"அப்படின்னா ஏதாவது ஒண்ணு ஆனா யாரும் உதவிக்கு வரமாட்டான்," என்றார் பொன்னுத்துரை. "ஆபத்தான இடம். அஞ்சாவது தளமே போவோம்."

வெள்ளைச் சட்டை, அதன்மேல் ஆரஞ்சு ஜாக்கெட், கீழே பட்டாபட்டி. நால்வரும் வரிசையாக நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். இவ்வளவு மரியாதையைச் சீனிராஜ் சொந்தக் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஹால் வாசலில் ஜெரால்டு என்கிற பரிசாரகர் நின்றிருந்தார். நாகர்கோவில்காரர், பொறுமைசாலி. பொன்னுத்துரை நீட்டிய விடுப்புக் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சரிங்க சார். என் பின்னாலேயே வாங்க," என்றார்.

அவர் பின்னாலேயே போனார்கள். ஒரு மேஜையைக் காட்டிவிட்டு அவர் நகர்ந்தார். இவர்களும் நகர்ந்தார்கள். அவர் சமையலறைக்குள் போனார், இவர்களும் போனார்கள். சூப்புத் தட்டோடு மூன்று மேஜையைச் சுற்றினார், நால்வரும் சுற்றினார்கள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஜெரால்டு தற்செயலாகத் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு, "சார், உட்காருங்க சார்," என்றார். நால்வரும் அங்கேயே ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

கடைசியில் ஜெரால்டு ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் வைத்தார். இரண்டு மேஜை தள்ளி எம்.டி. உட்கார்ந்திருந்தார். சீனிராஜ் எழுந்து ஒரு வணக்கம் வைத்தார். எம்.டி. கொஞ்ச நேரம் கண்ணிமைக்காமல் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"ஸ்டார்ட்டர் என்ன வேணும் சார்?" என்றார் ஜெரால்டு.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போதுதான் தெரிந்த விஷயத்துக்கு வந்திருக்கிறார்கள்.

"மோட்டார் எத்தனை ஹெச்.பி.?" என்று கேட்டார் குருசாமி.

"சார்?"

"ஹெச்.பி. தெரியாம ஸ்டார்ட்டர் சொல்ல முடியாது தம்பி. த்ரீ பேஸ்தானே? இவ்வளவு பெரிய கப்பல், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்தான் தாங்கும்."

"அப்போ ஸ்டார்ட்டர் இல்லாமலா கப்பலைக் கிளப்பினாங்க?" என்றார் எத்திராஜ்.

"தள்ளி விட்டிருப்பாங்க," என்றார் குருசாமி.

சீனிராஜ் ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஆர்டர் புத்தகத்தை எடுத்தார். 'கப்பலுக்கு ஸ்டார்ட்டர், ஒன்று' என்று எழுதி நீட்டினார். சாப்பாடு எப்படி என்று எழுதித் தருகிற சீட்டாக்கும் என்று நினைத்து ஜெரால்டு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, கேட்காமலே நாலு தட்டு பனீர் வறுவலும் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்.

குழம்புச் சோறு முடிந்தது. ரசம் வரவில்லை. குருசாமி முறைப்படி விசிலை எடுத்து ஊதினார். வரவில்லை. நால்வரும் சேர்ந்து ஊதினார்கள்.

மத்தியானம் நடந்த பாதுகாப்புப் பயிற்சியில் மற்ற எல்லோருக்கும் ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: விசில் கேட்டால் ஆபத்து, உடனே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மேல்தளத்துக்கு வந்துவிட வேண்டும். நம் நால்வரும் அந்த நேரத்தில் குளியலறையில் வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஹால் முழுக்க நாற்காலிகள் சாய்ந்து, மற்ற டீலர்கள் அத்தனை பேரும் வாசலுக்கு ஓடியபோது இவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மேலே ரசம் ஊத்துறாங்க போல," என்றார் எத்திராஜ். தட்டோடு பின்னாலேயே போனார்கள்.

மேல்தளத்தில் எல்லோரும் அறையிலிருந்து எடுத்து மாட்டிவந்த ஆரஞ்சு ஜாக்கெட்டோடு வரிசையில் நின்றார்கள். எம்.டி.யும் நின்றார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். கப்பலுக்கு ஒன்றும் இல்லை, எல்லோரும் அமைதியாகத் திரும்பிப் போகலாம் என்றார்.

ஆனால் எம்.டி. நகரவில்லை. தன் டீலர்களைப் பார்த்தார். இருநூறு பேரும் ஒரே நிறம், ஒரே வரிசை. இருபது வருஷமாக மீட்டிங் போட்டும் அவர் பார்க்காத காட்சி. கண் கலங்கிவிட்டது.

"முதன்முதலில் சீருடையில் வந்தது யார்?" என்று கேட்டார்.

சீனிராஜ் தட்டோடு முன்னால் வந்தார். சந்தர்ப்பத்தை விடக்கூடாது என்று ஆர்டர் புத்தகத்தையும் நீட்டினார். எம்.டி. வாசித்தார். ஜெரால்டின் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏறின அன்னிக்கே கப்பலுக்கே ஆர்டர் பிடிச்சிருக்கார்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "இவருக்கு ஒரு மாவட்டம் போதுமா? வங்காள விரிகுடா முழுக்க இவருக்கே கொடுக்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. சீனிராஜ் தேம்பித் தேம்பி அழுதார்.

ஹாலுக்குத் திரும்பி ஆறிப்போன சோற்றின் முன் உட்கார்ந்ததும் குருசாமிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. "அண்ணாச்சி, கடல்ல தண்ணி மேலேயே கிடக்கு. போர் போட வேண்டாம். மோட்டாரை எவன் வாங்குவான்?"

"ஏன், தண்ணியை இறைச்சு வெளியே விட வாங்குவான்," என்றார் பொன்னுத்துரை.

"எங்கே விடுவான்?"

நெடுநேரம் யோசித்தார்கள். சோற்றில் கைவைக்கவில்லை.

"அரபிக்கடல்ல விடலாம்," என்றார் எத்திராஜ். "பக்கம்தானே."

"அது நம்ம ஏரியா இல்லையே," என்றார் சீனிராஜ். "அந்த ஏரியா டீலர் சண்டைக்கு வந்தா?"

இப்போதே பேசித் தீர்த்துவிடுவதுதான் மரியாதை என்று முடிவாயிற்று. சீனிராஜ் ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, ஹாலுக்கு நடுவே நின்று, கும்பிட்டபடி கேட்டார்: "இங்கே அரபிக்கடல் ஏஜென்சி யாருங்க?"

ஜன்னலோர மேஜையிலிருந்து ஒல்லியான மனிதர் ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான்தான்," என்றார். "போன வருஷக் கப்பல்ல கொடுத்தாங்க."