காகிதத்தில் உள்ளபடி

மனைவி இறந்த மறுவருஷம், இருவரும் வாழ்ந்த வீட்டிலேயே முதியவர்களுக்கு ஒரு பராமரிப்பு இல்லம் தொடங்குவது என்று பொன்னுரங்கம் முடிவு செய்தார். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்பு தயாரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இல்லம் நடத்தத் தெரியாது. அதனால் பக்கத்து ஊரில் வயதான பெண்களுக்கான இல்லம் நடத்திவந்த ஜெசிந்தா சிஸ்டரிடம் கற்றுக்கொள்ளப் போனார்.

சிஸ்டர் வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். பொன்னுரங்கம் அதைப் பார்க்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரை சிஸ்டர் புரட்டிப் படுக்கவைப்பதை ஓரமாக நின்று பார்ப்பதே அவருக்குப் படிப்பாக இருந்தது. அந்தக் கைகள் அவசரப்பட்டு அவர் பார்த்ததில்லை.

பதிவுக்கு விண்ணப்பிக்கும் நாள் நெருங்கியது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் சேர்ந்துவிட்டன. பராமரிப்பு நடைமுறை என்று ஓர் ஆவணமும் வேண்டும். அதை அவரே எழுதி, தட்டச்சு செய்து, சிஸ்டரிடம் நீட்டினார்.

"ஏதாவது விட்டுப்போயிருக்கா சிஸ்டர்?"

சிஸ்டர் நின்றபடியே முழுதும் படித்தார்.

"நாளைக்கு ஒரு பகல் வெளியறையில நீங்க தங்கிப் பாருங்க சார். இதுல உள்ளபடியே உங்களைப் பார்த்துக்கறோம்."

பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

மறுநாள் வந்ததும் சிஸ்டர் அவருடைய மூக்குக்கண்ணாடியையும் செல்போனையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். 'உடைமைகள் பாதுகாப்பாக வைக்கப்படும்' என்று அவர்தான் எழுதியிருந்தார். கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியவில்லை. ஓய்வு நேரம் வந்தது. தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக் கிடந்தார். அந்த இல்லத்து வாட்ச்மேன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டுப் போனார். துடைத்துவிடுவது ஆவணத்தில் இருந்தது; தட்டுவதும் பேசுவதும் அதில் இல்லை.

மதியம் சிஸ்டரே தட்டோடு வந்தார். ரசம் சாதத்தைக் கரண்டியில் எடுத்து ஊட்டினார். ஒரு வாய் இறங்குமுன் அடுத்த வாய் உதட்டில் வந்து இடித்தது. பதறாத அந்தக் கை இன்று நிற்கவே இல்லை.

"போதும் சிஸ்டர்."

கரண்டி வந்தது.

"போதும்னு சொல்றேன்ல!"

தட்டைத் தள்ளினார். ரசம் வேட்டியெல்லாம் கொட்டியது.

சிஸ்டர் முகம் மாறவில்லை. அவரைக் கைபிடித்து அழைத்துப்போய் உள்ளே ஒரு காலி அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார். 'கிளர்ச்சியடைபவர் அமைதியடையும்வரை தனி அறையில் வைக்கப்படுவார்.'

ஈர வேட்டியோடு பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். வெறுமனே சாத்திய கதவுதான். திறந்துகொண்டு வந்திருக்கலாம். ஏனோ எழுந்திருக்கத் தோன்றவில்லை. யாராவது வந்து ஒரு வார்த்தை கேட்கமாட்டார்களா என்றிருந்தது. கோபம் வடிந்துவிட்டிருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"உள்ள வரலாமா சார்?"

சிஸ்டர் கையில் உலர்ந்த வேட்டி இருந்தது.

"நிறுத்தச் சொன்னேனே சிஸ்டர், ஏன் நிறுத்தல?"

"சொன்னா நிறுத்தணும்னு எந்தப் பக்கத்துல இருக்கு சார்?"

அவர் வேட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டம்மாவுக்கு இப்படியா ஊட்டினீங்க?"

"ஐயோ, இல்ல." பொன்னுரங்கம் தன் மணிக்கட்டைப் பார்த்தார். "இங்க பிடிச்சுக்குவா. அவ கை மேல வந்தாத்தான் என் கையும் மேல வரும். தானே சாப்பிடற மாதிரி அவளுக்கு இருக்கணும்ல? கடைசிவரைக்கும் அப்படித்தான்."

"இதை ஏன் எழுதல?"

"இதெல்லாம் ஆபீசுக்கு எழுதற விஷயமா சிஸ்டர்?"

"ஒருநாள் நீங்க வெளியூர் போயிடறீங்க. புதுசா வேலைக்கு வந்த பொண்ணு கையில சோத்துத் தட்டு இருக்கு. அது எதைப் பார்த்து ஊட்டும்?"

பொன்னுரங்கம் வீட்டுக்குப் போய் முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினார். சர்வீஸ் முழுக்க எழுதிய பாஷை இதற்கு உதவவில்லை. கண்ணாடி அவரவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தூக்கம் வந்தவர் தூங்குவார், வராதவரிடம் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். போதும் என்றால் அந்த வாயோடு சரி. மனைவியைக் கவனித்துக்கொண்ட நாட்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி எழுதினார். நடுநடுவே எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

மறுவாரம் அதை எடுத்துப் போனார். இந்த முறை சிஸ்டர் உட்கார்ந்து படித்தார். சில பக்கங்களை இரண்டாம் தடவையும் படித்தார். பொன்னுரங்கம் நின்றுகொண்டே இருந்தார்.

"அதிகாரி இதை ஏத்துக்குவாரா சிஸ்டர்?"

சிஸ்டர் காகிதங்களை அடுக்கி அவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

"எங்கப்பா, தம்பி வீட்டுப் பின்னறையில கிடக்கிறாரு சார். ஆம்பிளைங்களை இங்க வெச்சுக்க எனக்கு அனுமதி இல்ல. பதிவு கிடைச்சதும் அவரை உங்ககிட்ட கூட்டிட்டு வரலாமா?"