ஐந்து கூடை வடை

"அம்மா, சமையல்கார ஆவுடையப்பனை இன்னைக்கே மடத்தை விட்டு அனுப்பிடணும்."

சொன்னவர் நமச்சிவாயம். எடைக்கல் சோதிக்கும் ஆய்வாளராக முப்பது வருஷம் கடைக்காரர்களைக் கதிகலங்க வைத்துவிட்டு, மன நிம்மதி தேடி மடத்துக்கு வந்தவர். தராசையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

மடத்துத் தலைவி மங்கையம்மாளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

"என்ன பண்ணினாரு?"

"மாவு திருடுறான். சமையல்காரங்க அஞ்சு பேரு. ஆளுக்கு ஆறு வடை நிறுத்து, சராசரி எடுத்தேன். ரெண்டு ரெண்டு பேரா ஒப்பிட்டா பத்து ஜோடி வருது. ஒன்பது ஜோடியில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. பத்தாவதுல மாட்டிக்கிட்டான். அஞ்சு கிராம் கம்மி."

"ஒருத்தர் சுட்ட ஆறும் ஒரே எடையா இருந்துதா?"

"எங்கே? முப்பத்தெட்டு கிராமும் இருக்கு, ஐம்பதும் இருக்கு."

"அந்த ஏத்த இறக்கத்தைத் தாண்டி, அஞ்சு பேருக்கும் நடுவுல வித்தியாசம்னு ஒண்ணு இருக்கான்னு முதல்ல பார்த்தீங்களா?"

"அது எதுக்கும்மா? நேரா ஆளைப் பிடிச்சாப் போதாதா?"

ஆவுடையப்பனுக்கு அடுப்படியைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. அந்தக் கவலையெல்லாம் நமச்சிவாயத்துக்கு இல்லை. பிடிபட்டவன் பிடிபட்டவன்தான்.

"நாளைக்கு இன்னொரு தடவை நிறுத்துப் பாருங்க," என்றார் மங்கையம்மாள்.

மறுநாள் காலை ஐந்து கூடைகள் வந்தன. கூடைக்கு ஆறு வடை. பெயர் இல்லை, எண் மட்டும்.

நமச்சிவாயம் உற்சாகமாக உட்கார்ந்தார். நிறுத்தார், எழுதினார், ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். கடைசியில் முகம் மலர்ந்தது. வேலையில் இருந்த காலத்தில்கூட இத்தனை சுத்தமாக ஒரு கேஸ் அவருக்குச் சிக்கியதில்லை.

"நாலாம் கூடையை விட ரெண்டாம் கூடை சராசரியில ஆறு கிராம் கம்மி. ரெண்டாம் கூடைக்காரன் பெரிய களவாணி. அவனை உடனே அனுப்பணும்."

"சரி. நாலாம் கூடைக்காரரை?"

"அவருக்கு ஒரு துண்டு போர்த்தலாம்மா. நேர்மையான மனுஷன்."

மங்கையம்மாள் அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். ஆவுடையப்பன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"ரெண்டாம் கூடை யாரு சுட்டது?"

"நான்தாம்மா."

நமச்சிவாயம் தொடையில் தட்டிக்கொண்டார். "பார்த்தீங்களா?"

"நாலாம் கூடை?"

"அதுவும் நான்தாம்மா. அஞ்சையும் என்னையே சுடச் சொன்னீங்களே."

நமச்சிவாயத்தின் கை தொடையிலேயே நின்றுவிட்டது.

மங்கையம்மாள் ஒரு துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"போர்த்துங்க ஐயா. போர்த்தின கையோட வெளியே அனுப்பிடுங்க."