வறுத்த மணலில் அர்ச்சனை செய்தவர்

“ஏங்க, தினமும் வேலவன் வாசல் வரைக்கும் போயிட்டு வர்றீங்களே, ஒரு நாளாவது அவருகிட்ட ஏதாச்சும் கேட்டிருக்கீங்களா?”

“மலை ஏறுற வண்டி புள்ள. வர்றவங்க எல்லாரும் ஆளுக்கொரு வேண்டுதலைத் தூக்கிக்கிட்டு ஏறுறாங்க. நானும் ஒண்ணை ஏத்துனா இஞ்சின் தாங்குமா?”

“நல்லாத்தான் சமாளிக்கிறீங்க!”

சடையாண்டியாருக்கும் அவர் மனைவி பூவாத்தாளுக்கும் மணமான புதிதில் நடந்த பேச்சு இது. பின்னாளில் இதை நினைத்து நினைத்து இருவரும் சிரித்ததுண்டு.

கார்மலையின் உச்சியில் வேலவன் கோயில். நீராவி இஞ்சின் பூட்டிய சிறிய ரயில் அடிவாரத்திலிருந்து அங்கே போகத் தொடங்கியிருந்த காலம் அது. பாதை செங்குத்து, வளைவு முடிந்தால் இன்னொரு வளைவு. பனி இறங்கிவிட்டால் தண்டவாளம் வழுக்கும், சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால் இஞ்சினின் முன்பலகையில் ஒருவர் அமர்ந்து, காய்ந்த மணலைத் தண்டவாளத்தில் தூவிக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் சக்கரம் பிடித்து ஏறும். அந்த வேலையைச் சடையாண்டியார் செய்து வந்தார்.

வேலையையே அவர் பூசையாக்கிக்கொண்டார். ஒரு பிடி மணலுக்கு ஒரு திருநாமம். ‘கந்தா’ என்று ஒரு பிடி, ‘கடம்பா’ என்று ஒரு பிடி. கடைசி வளைவில் கோபுரம் தெரியும்போது இரு கைகளாலும் அள்ளித் தூவுவார். இஞ்சினை விட்டு இறங்கிக் கும்பிட நேரமிராது. கோபுரமே அவருக்குச் சன்னிதி.

மழைக்காலத்தில் மணல் காயாது. பூவாத்தாள் அதை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்துக் கொடுப்பாள். “ஊருல பொம்பளைங்க ரவை வறுக்கிறாங்க. எனக்கு வாய்ச்சது மண்ணு” என்று சிரித்துக்கொண்டே வறுப்பாள்.

இஞ்சினில் கரி அள்ளிப் போடும் பிச்சமுத்துவுக்கு இதெல்லாம் வேடிக்கை. “என்ன மண் பூசாரி, அர்ச்சனை ஆச்சு, தீபாராதனை எப்போ?” என்பான்.

“அதான் நீ அடுப்பை எரிக்கிறியேப்பா” என்பார் அவர்.

யாரிடமும் சொல்லாத ஆசை ஒன்று அவர் மனத்தில் இருந்தது. பூவாத்தாளுக்குப் பிறவியிலேயே இடது கால் வளைந்திருந்தது. படியேறி மலைக்குப் போக இயலாது. அந்த இஞ்சினோ இரண்டு பெட்டிகளை இழுக்கவே மூச்சு வாங்கும். அதனால் ஊழியர் வீட்டாரை ஏற்ற அனுமதியில்லை. வேலவனை அவள் ஒரு முறையேனும் பார்க்க வேண்டும். சொன்னால் அது வேண்டுதலாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் புது இஞ்சின் வந்தது. சிதம்பரதாணு என்ற பொறியாளர் வரைந்து செய்தது. பழையதில் எல்லாச் சக்கரங்களும் விறைப்பான ஒரே சட்டத்தில் இருந்ததால் வளைவுகளில் கிறீச்சிட்டு அலறும். புதியதில் சக்கரங்கள் இரண்டு கூட்டமாக, நடுவே கீல் வைத்துப் பூட்டியிருந்தன. வளைவு வந்தால் முன்கூட்டம் முதலில் திரும்பும், பின்கூட்டம் பணிவாகத் தொடரும். தண்ணீரின் பாரமும் கரியின் பாரமும் அந்தச் சக்கரங்கள் மேலேயே அழுந்தி அவற்றுக்குப் பிடிப்பைக் கொடுத்தன.

வெள்ளோட்டத்தைப் பார்த்த பூவாத்தாள், “என்னை மாதிரியே வளைஞ்சு வளைஞ்சு நடக்குது. ஆனா ஏறிடுச்சு பாருங்க” என்றாள். சடையாண்டியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புது இஞ்சினில் மணல் பெட்டியும் குழாயும் சேர்ந்தே இருந்தன. ஓட்டுநர் பிடியை இழுத்தால் மணல் தானே விழும். “உனக்காகத்தான்பா குழாய் வச்சேன். மழையில முன்னாடி உக்காந்து போறியே, வழுக்கி விழுந்தா என்ன ஆகுறது?” என்றார் சிதம்பரதாணு.

அன்போடு சொன்ன சொல். “நல்லா செஞ்சிருக்கீங்க ஐயா” என்று கும்பிட்டார். மறுநாள் முதல் அவருக்கு அடிவாரத்தில் சாம்பல் அள்ளும் வேலை. கோபுரம் கண்ணில் படவில்லை.

வீட்டில் சும்மா அமர்ந்திருந்தவரிடம் பூவாத்தாள் சட்டியை நீட்டினாள். “ஒரு பிடிதானே? வறுத்துட்டேன். கொண்டு போங்க.” அன்று முதல் விடியலில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நின்று, இளஞ்சூடான அந்த மணலைத் திருநாமம் சொல்லித் தண்டவாளத்தில் தூவினார். “குழாய் இருக்கையில உனக்கென்ன வேலை, பூசாரி?” என்று பிச்சமுத்து சிரித்தான். அவரும் உடன் சிரித்தாரே தவிர, தூவுவதை நிறுத்தவில்லை.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், மலையிலிருந்து இறங்கிய வண்டியில் கோயில் குருக்கள் வந்தார். சாம்பல் குழியருகே சடையாண்டியாரும், அவருக்குக் கஞ்சி கொண்டுவந்த பூவாத்தாளும் நின்றிருந்தார்கள். குருக்கள் கையில் ஒரு தட்டு, அதில் ஒரு பிடி சிவந்த மணல்.

“கதவைத் திறந்தா சுவாமி பாதத்துல இது இருக்கு. முதல்ல எலி கொண்டு வந்ததுன்னு நெனச்சு அலம்பி விட்டேன். மறுநாளும் இருந்தது. தினமும் இருக்கு. பூட்டின கதவு, பனி கொட்டுற மலை… தொட்டுப் பாருங்கோ, இன்னும் சூடு ஆறலை. இது யாரோடது?”

பிச்சமுத்து விரல் வைத்துப் பார்த்தான். “நம்ம மண் பூசாரியோடது சாமி.”

“பூசாரியேதான்” என்று குருக்கள் தட்டோடு கைகூப்பினார். “வேலவன் ஏத்துண்டுட்டான். உனக்கு என்னப்பா வேணும்?”

“இவரு எதுவும் கேக்க மாட்டாருங்க” என்றான் பிச்சமுத்து.

பூவாத்தாள் கண்களைத் துடைத்துக்கொண்டு கணவரின் காதருகே சொன்னாள்: “கேளுங்க. புது இஞ்சின் தாங்கும்.”

தமக்கென்று எதையும் கேட்டறியாத அந்த நல்ல வாய், வாழ்நாளில் முதன்முறையாகத் திறந்தது.

“மணலை வறுத்தது இவ கை சாமி. இவளை ஒரு தடவை மேல கூட்டிக்கிட்டுப் போகணும்.”