சிவப்புச் சில்லை எறிந்த கை

முன்னொரு காலத்தில் பொன்னலூர் என்ற நாட்டைத் தாண்டவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கப்பல் வியாபாரி ஒருவன் கொடுத்துப்போன தந்தச் சில்லுகளை வைத்துக்கொண்டு, விடிந்தால் சில்லாட்டம், சாப்பிட்டு எழுந்தால் சில்லாட்டம் என்று கிடந்தான். நாடு தன் பாட்டுக்கு நடந்தது என்றால் அதற்குக் காரணம் மந்திரி பூவராகர்.

அந்த ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். அடுக்கிலிருந்து ஒரு சில்லை எடுத்து, வேண்டாத ஒன்றை நடுவில் எறிய வேண்டும். ஒருவர் எறிந்ததை இன்னொருவர் எடுத்து ஒரே நிறத்தில் மூன்று சேர்த்தால், அதை எல்லோரும் பார்க்க விரித்து வைத்தாக வேண்டும். வெள்ளை மூன்று, பச்சை மூன்று, சிவப்பு மூன்று சேர்ந்து, கையில் மிஞ்சிய சில்லுக்கு ஓர் இணையும் கிடைத்து ஆட்டம் முடிந்தால் அதுதான் பெருவெற்றி. முடிக்கும் சில்லை எறிந்தவர் முழுப் பந்தயத்தையும் கொடுக்க வேண்டும். ஜெயித்தவரே அதை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டால், தோற்ற மூவரும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும்.

ஓர் ஆடி மாதம் கருங்குன்றத்துச் சிற்றரசர் விருந்தாளியாக வந்தார். ராஜா, சிற்றரசர், பொக்கிஷதார் வைத்திலிங்கர் மூவரும் பாயில் உட்கார்ந்தாயிற்று. பூவராகர் எல்லைக்குப் போயிருந்ததால் நாலாவது ஆள் இல்லை. ஏரி நிரம்பிவிட்டது என்று நல்ல சேதி சொல்ல வந்த ஏரிக்கரை ஊர்த்தலைவர் மாசாணத்தைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பந்தயம் நூற்றிருபது ஜோடி உழவு மாடு. எங்கள் ஊரில் மொத்தமே நாற்பது ஜோடிதான் என்று மாசாணம் கும்பிட்டுச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

சிற்றரசர் வெள்ளை மூன்றை விரித்தார். பிறகு பச்சை மூன்றை விரித்தார். ராஜா கையில் ஒரு சிவப்பு இருந்தது.

"மகாராஜா, செவப்ப மட்டும் வெளிய விட்ராதீங்க" என்று மாசாணம் கெஞ்சினார்.

பயந்தவன் ஆட்டம் அது என்று வைத்திலிங்கர் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதாதா? ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு சிவப்பை எறிந்தான். சிற்றரசர் அதை எடுத்து மூன்றாவதையும் விரித்தார். அடுத்த சுற்றில் கடைசிச் சில்லு அடுக்கிலிருந்து அவர் கைக்கே வந்தது. தோற்ற மூவருக்கும் ஆளுக்கு நாற்பது ஜோடி!

மறுநாள் ஊர் திரும்பிய பூவராகருக்குச் சேதி கேட்டதும் உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. ஆடியில் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் எதை வைத்து உழுவார்கள்? குளிக்காமல் கொள்ளாமல் நேரே சபைக்குப் போனார். சிவப்பை எறிந்தவர் தாங்கள், நூற்றிருபதும் தங்கள் பொறுப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

மந்திரி பதவி மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த வைத்திலிங்கர் முந்திக்கொண்டார். "முடித்த சில்லை யாரும் எறியவில்லை, அது தானாக வந்தது. தானாக வந்த நஷ்டத்துக்கு மூவரும் பங்கு."

ராஜாவுக்கு அது தேனாக இனித்தது. "மூன்று நாளில் மாடுகள் புறப்பட வேண்டும். அதற்குள் முடிந்தால் பொறுப்பு என்னுடையது என்று என் வாயாலேயே சொல்லவையும். முடியாவிட்டால் உம் மந்திரி முத்திரை மோதிரத்தை வைத்திலிங்கரிடம் கழற்றிக் கொடும்" என்றான்.

பூவராகர் நேரே ஏரிக்குப் போனார். அரண்மனை வாய்க்காலுக்கு மூன்று மதகுகள். அன்னக்குளம் நிரப்ப ராஜா உத்தரவில் ஒன்று திறந்திருந்தது. தன் வெற்றிலைக் கொடிக்காலுக்காக வைத்திலிங்கர் இன்னொன்றைத் திறக்கச் சொல்லியிருந்தார். வாய்க்கால் விளிம்பு தட்டி ஓடிக்கொண்டிருந்தது. பூவராகர் வேட்டியை மடித்துக் கட்டி மூன்றாவது மதகைத் தன் கையாலேயே திறந்துவிட்டார்.

வாய்க்கால் கரை புரண்டது. பள்ளத்தில் இருந்த ஆட்ட மண்டபத்துக்குள் முழங்காலளவு தண்ணீர். பட்டுப்பாய் மிதந்தது, தந்தச் சில்லுகள் சேற்றோடு போயின. ராஜா கத்திய கத்தலில் சபை நடுங்கியது. பூவராகர் மட்டும் நடுங்கவில்லை.

"மூன்று மதகு திறந்திருந்தது. ஒன்று தங்களுடையது, ஒன்று பொக்கிஷதாருடையது, ஒன்று என்னுடையது. தண்ணீரை யாரும் மொண்டு ஊற்றவில்லை, அது தானாக வந்தது. நஷ்டத்தை மூவரும் பங்கு போட்டுக்கொள்வோம்" என்றார்.

"என்ன திமிர் உமக்கு! இரண்டு மதகு திறந்து வாய்க்கால் ததும்புவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தே மூன்றாவதைத் திறந்தவர் நீர். முழு நஷ்டமும் உம் தலையில்தான்!" என்றான் ராஜா.

"சரி, வீட்டை விற்றாவது கட்டுகிறேன். ஆனால் வெள்ளையும் பச்சையும் விரித்துக் கிடந்தது தங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா? வேண்டாம் என்று மாசாணம் சொன்னது காதில் விழவில்லையா? தெரிந்தே மூன்றாவதைக் கொடுத்தது எந்தக் கை? விளையாட்டு உங்களுக்கு, பட்டினி அவன் பிள்ளைகளுக்கா?"

 வைத்திலிங்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தச் சிவப்பு வராவிட்டால் பெருவெற்றிக்கு நான் எங்கே போவேன் என்று சபையில் இருந்த சிற்றரசரே சொல்லிவிட, எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

 பொறுப்பு என்னுடையது, நூற்றிருபது ஜோடியும் அரண்மனைத் தொழுவத்திலிருந்து போகட்டும் என்றான் ராஜா. இரண்டு நிறம் விரித்தவனுக்கு மூன்றாவதைக் கொடுப்பவனே முழு நஷ்டத்தையும் சுமக்க வேண்டும் என்று புதுச் சட்டமும் போட்டான். மாடுகளைக் கருங்குன்றம் வரை நடந்தே ஓட்டிக்கொண்டு போகும் வேலையை வைத்திலிங்கருக்குக் கொடுத்தான். மண்டப நஷ்டத்தைத் தள்ளுபடி செய்து, தன் கைக்காப்பைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான்.

பூவராகர் அதைத் தொடவில்லை. "காப்பு வேண்டாம். என்னிடம் சொன்னதை மாசாணத்திடம் போய்ச் சொல்லுங்கள்."

வாழ்நாளில் யாரிடமும் பணிந்து பேசாத ராஜா அன்று ஏரிக்கரை ஊருக்கு நடந்தே போனான். ஏர் பூட்டிக்கொண்டிருந்த மாசாணத்தின் முன் நின்று, "தவறு என்னுடையது" என்றான்.

மாசாணம் நுகத்தடிக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "சரிங்க மகாராஜா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மாடு திரும்பணும்" என்றார்.

ராஜா வரப்பில் ஏறி நின்றான்.