செம்பருத்திக் குச்சிக்குள்ள போன சேதி

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு செம்பருத்திக் குச்சி. ஒரு முழம் இருக்கும். "ம்" கொட்டு எழிலு, கொட்டலேன்னா அத்தை கதைய நிறுத்திருவேன். ஆங், அப்படி.

அது சும்மா குச்சி இல்ல. ஒருத்தியோட அம்மா வளத்த செடியிலருந்து ஒடிச்சுட்டு வந்தது. அந்த அம்மா போயிட்டாங்க. அப்புறம் ரோட்டை அகலப்படுத்துறோம்னு வீட்டை இடிச்சு, செடியையும் சேத்து வாரிக் கொட்டிட்டாங்க, படுபாவிங்க. மிச்சம் இந்தக் குச்சி ஒண்ணுதான். இது வேர் பிடிக்கலேன்னா அம்மா வீட்டுப் பூ அதோட சரி.

குச்சி உச்சியில ஒரு கொழுந்து இருந்துச்சு. அது துளியூண்டு சாறு சுரக்கும். அந்தச் சாறுதான் சேதி. தண்டுக்குள்ளயே மெதுமெதுவா கீழ எறங்கி, அடியில போய் நின்னு, "வேர் விடு, வேர் விடு"ன்னு சொல்லும். ஆனா அதுக்கு ஒரே வழிதான், தலையிலருந்து காலுக்கு. திரும்பி ஏறத் தெரியாது.

அப்போ அவ புருஷன் வந்தான். அவசரக்குடுக்கை! "குடு, நான் நடுறேன்"னு வாங்கி, சரக்குனு தொட்டியில குத்திட்டான். எப்படி? தலைகீழா! கணு எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாக்க வேணாம்? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பாவம் சேதி, வழக்கம்போல காலுக்குப் போச்சு. காலு வானத்தைப் பாத்து நிக்குது. அங்க எங்க வேர் விட? மண்ணுக்குள்ள மாட்டுன கொழுந்து அழுகியே போச்சு.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்புறம் அவ அழுகுனத வெட்டிட்டு நேரா நட்டா. கொழுந்து போனா என்ன, அடுத்த கணுவுல இருந்த மொட்டு, "இனிமே நாந்தான் கொழுந்து"ன்னு எந்திரிச்சு சேதி அனுப்ப ஆரம்பிச்சிருச்சு. என்ன சமத்து பாரு! அந்த ஆளுக்கு உண்டா அந்தச் சமத்து? நர்சரிக்குப் போய் வேர்ப்பொடி வாங்கிட்டு வந்தான். அதுவும் அதே மாதிரி சேதிதான், கம்பெனியில செஞ்சது. நர்சரிக்காரம்மா, "நகக்கண்ணுல ஒட்டுற அளவு போதும்யா"ன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கு. கேட்டானா? "கொஞ்சம் போட்டா வேர் வரும்னா, நெறைய போட்டா மரமே வரும்ல"ன்னு குச்சியப் புடுங்கி, பஜ்ஜிக்கு மாவுல முக்குற மாதிரி முக்கிட்டான். அளவாச் சொன்னாத்தான் சேதி. காதுக்குள்ள வந்து கத்துனா? அடித்தண்டு கன்னங்கரேல்னு கருகிருச்சு. அவ திரும்பவும் வெட்டுனா. முழம் சாணாப் போச்சு. வயித்தெரிச்சல் தாங்கல அவளுக்கு.

ம்... அப்புறம் என்ன? அந்தச் சாண் குச்சியும் சளைக்கல. சேதிய அனுப்பி அனுப்பி, சேமியா மாதிரி வெள்ளையா ரெண்டு வேர் விட்டுச்சு. அப்போ அந்த ஆளு, "வந்துருச்சான்னு பாப்போமே"ன்னு படக்குனு இழுத்தான். ரெண்டும் அறுந்துபோச்சு! வேர் என்ன அடுப்புல கொதிக்கிற சோறா, எடுத்து நசுக்கிப் பாக்க? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுங்கிறது சும்மாவா? தலையில அடிச்சுக்கிட்டு சொன்னேன், "தொடாதீங்க, தொடாதீங்க"ன்னு, இந்த மனுஷன் கேட்டாத்தானே...

என்ன? "அது நீயா அத்தை"ன்னா கேக்குற?

ஆமாடி, நானேதான். அந்த ஆளு உங்க மாமாதான். தூங்குற மாதிரி படுத்துக்கிட்டு அம்புட்டையும் கேட்டுட்டு இருக்காரு பாரு! என்னங்க? "சும்மா தொட்டுத்தான் பாத்தேன்"னா? இன்னொரு தடவ தொடுங்க, கைய ஒடிச்சுப்புடுறேன்!

நீ பயப்படாத எழிலு. குச்சி சாகல. இன்னைக்கிக் காலையில பாத்தேன், ஒரு மொட்டு பச்சையா கண்ணத் தொறந்திருக்கு. சேதி கெளம்பியாச்சு, காலு வரைக்கும் போய்ச் சேரணும், அம்புட்டுத்தான். அதான் தொட்டியத் தூக்கி என் தலைமாட்டுலயே வச்சுப் படுத்திருக்கேன். உங்க அப்பத்தா செடிடி அது. அவ மொகத்தத்தான் நீ பாக்கல. பூவையாவது பாக்க வேணாமா?

கதை ஆச்சு. குச்சி வேர் விடட்டும், நீ கண்ண மூடு.