ஏணிப்படை பரிமாறிய விருந்து

முன்னொரு காலத்தில், போர் ஓய்ந்து வாள்களெல்லாம் உறைக்குள்ளேயே துருவேறிக் கிடந்த ஒரு நாட்டில், படையைக் குறைக்கும் ஆசை அரசருக்குத் திடீரென்று பிடித்தது.

"ஏணிப்படை இருநூறு பேரும் எதற்கு, அரசே? மதில் ஏறுவதைத் தவிர அவர்களுக்கு என்ன தெரியும்?" என்று தூபம் போட்டார் தளபதி வீரகேசரி. அவை விகடன் வேம்பையன்மேல் அவருக்குத் தீராத பொறாமை. வேம்பையனுடையதோ நான்கு தலைமுறை ஏணிப்படைக் குடும்பம்; அவன் அண்ணன்தான் இப்போது ஏணிப்படையின் தலைவன்.

வேம்பையன் நிமிர்ந்து நின்றான். "மதில் ஏறுவது தொழிலின் பெயர், அரசே. அதற்குள் இருக்கும் வேலைகள் பல."

"அப்படியா? நாளை விருந்தில் அவர்களே பரிமாறட்டும். புதிதாக எதையும் கற்றுத்தரக் கூடாது. ஒரு சொட்டுச் சிந்தினாலும் படையும் கலையும், உன் ஆசனமும் போகும்!" என்றார் அரசர்.

தளபதி மீசைக்குள் சிரித்தார். வேம்பையன் பாசறைக்கு ஓடினான்.

"அண்ணே, மதில் ஏறும்போது என்னென்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்னத்தடா சொல்ல? ஏணிய ரெண்டு ரெண்டு பேரா சுமப்போம். வாய் திறக்க மாட்டோம். முன்னாடி போறவன் கால் வச்ச இடத்துலதான் கால் வைப்போம். கொதிக்கிற எண்ணெய ஊத்துனாலும் பிடி விட மாட்டோம். எதிர்த்த கோட்டைக்காரன் ரெண்டு கையையும் தூக்குற வரைக்கும் திரும்ப மாட்டோம்."

ஓலையில் அத்தனையும் எழுதிய வேம்பையன் துள்ளிக் குதித்தான். "பந்தியும் இதேதாண்ணே! ஏணிக்குப் பதிலா அண்டா!"

மறுநாள், கொதிக்கும் ரசத்தோடு இலை வரிசைகளுக்கிடையே இருநூறு பேரும் ஓசையின்றிப் பாய்ந்தார்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பொறுக்கமாட்டாத தளபதி, சர்க்கரைப் பொங்கல் அண்டா வரும் வழியில் காலை நீட்டினார். மதிலிலிருந்து உருண்ட பாறைகளையே தாண்டிய கால்கள் அதையும் தாண்டின. அண்ணன் கண்ணைக் காட்டினான். எதிர்க்கும் கோட்டை அகப்பட்டுவிட்டது!

அண்டா தளபதியின் இலைமுன் இறங்கியது. அகப்பை அகப்பையாகப் பொங்கல் விழுந்தது. அரச விருந்தில் மிச்சம் வைப்பது அவமதிப்பு; விழி பிதுங்கத் தின்றார். "போதும்!" என்று ஒரு கையால் இலையை மறைத்தார். கைமேலேயே விழுந்தது.

"என்ன இது, வேம்பையா?" என்றார் அரசர்.

வேம்பையன் ஓலையை நீட்டினான். "கைகள் இரண்டும் உயர வேண்டும், அரசே. வேறெதையும் கற்றுத்தரக் கூடாது என்பது தங்கள் கட்டளை!"

தளபதியின் இரு கைகளும் உயர்ந்தன. அகப்பை சட்டென்று நின்றது.

மகுடம் சரியச் சிரித்த அரசர், தம் முத்துமாலையைக் கழற்றி வேம்பையன் கழுத்தில் போட்டார். "ஏணிப்படை இருக்கட்டும்! இனி எவனையும் நீக்குமுன், அவன் செய்வதையெல்லாம் ஓலையில் எழுதிக் காட்டுங்கள்!"

தளபதியால் எழுந்திருக்க முடியவில்லை. ஏணிப்படையினர் இருவர் அவரை அலுங்காமல் தூக்கிச் சென்றார்கள். இரண்டு இரண்டு பேராகச் சுமப்பதும் ஓலையில் இருந்ததுதானே!